கமலாவிடம் கேட்டாயா

தங்கராசு,

கையெழுத்தைப் பார்த்து மலைக்காதே. கோடு போட்ட தாள் வாங்கித்தான் எழுதுகிறேன். இருந்தாலும் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. சில பூசணிக்காய் அளவுக்கும் சில எறும்பு அளவுக்கும் விழுகின்றன. ஒவ்வொரு வரியும் இடதுபக்கம் ஒழுங்காகப் புறப்பட்டு, வலதுபக்கம் போய்ச் சேர்வதற்குள் சரிந்து இறங்கிவிடுகிறது. இதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும். தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதித் தருகிறவர் உன் பெயருக்கு முன்னால் நீளமாக ஒரு சொல்லைப் போட்டுத்தான் ஆரம்பிப்பார். அந்தச் சொல் எனக்கு இன்னும் வசப்படவில்லை. உன் பெயரே போதும், அதை வைத்ததும் நான்தானே என்று விட்டுவிட்டேன்.

இதை யார் எழுதியது என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். நான்தான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. உன் அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து நடுநடுவே எட்டிப் பார்த்து, "இன்னும் முதல் பக்கம்தானா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது என்று உனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற குமாஸ்தா பெயரைக் காதில் சொல்வார். நான் வாசலுக்கு வந்து மூன்று தரம் கூப்பிடுவேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ரிடையர் ஆகும் வரை என்னிடம் யாரும் ஒரு தாளை நீட்டி, இதைப் படி என்று சொன்னதில்லை. அதனால் படிக்கத் தெரியாத குறை எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தது கமலாதான். உங்களுக்குக் கல்யாணமாகி, கைலாசபுரத்தில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தீர்களே, அப்போது ஒருநாள் அவளைப் பெரியகடை வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று, வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பக்கத்தில் இருந்தவரிடம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"மாமா, போர்டுல எழுதியிருக்கே, ஏன் அவங்களைக் கேக்கறீங்க?" என்றாள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலைம்மா."

"உங்ககிட்ட கண்ணாடியே கிடையாதே மாமா."

ஸ்ரீரங்கம் பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தோம். மறுநாள் நீ ஷிப்டுக்குப் போன பிறகு ஒரு சிலேட்டைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். உனக்குத் தெரியக் கூடாது என்று நான் சொன்னேன். சரி என்றாள். நீ மாலையில் வருகிற சைக்கிள் மணி கேட்டதும் சிலேட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். குவார்ட்டர்ஸுக்குப் போன பிறகும் நாங்கள் வரும்போதெல்லாம் பாடம் நடந்தது. அவள் என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. தப்பாக எழுதினால், "இது நல்லா இருக்கு மாமா, ஆனா இது வேற எழுத்து" என்பாள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எழுதப் போகிற விஷயமும் அவளைப் பற்றியதுதான்.

உன் கடிதம் வந்தது. அதை நானே படித்தேன். காலைக் காப்பி குடித்துவிட்டு ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்துக்கு முடித்தேன். நாடகம் போடுகிற இடமெல்லாம் நிறைந்துவிடுகிறது, உட்கார இடமில்லாமல் ஜனங்கள் நிற்கிறார்கள், ரேடியோவில் உன் குரலைக் கேட்டு அழைத்துப் போன நாடகக் கம்பெனி முதலாளி உன்னை மெட்ராஸிலேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். இந்த மாதக் கடைசியோடு லீவு முடிகிறது, ஒன்று ஃபாக்டரிக்குத் திரும்ப வேண்டும் அல்லது வேலையை விட வேண்டும், நீங்களும் லால்குடி மாமாவும் பேசி என்ன சொல்கிறீர்களோ அப்படிச் செய்கிறேன் என்று முடித்திருந்தாய். படித்து முடித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வயதிலும் மகன் நம்மைக் கேட்கிறான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "கேக்கட்டும், கேக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

நீ இந்த இடத்துக்கு எப்படி வந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ ரேடியோ நிலையத்துக்கு உள்ளே இருந்தவன். வெளியே உட்கார்ந்து கேட்டவன் நான். அதனால் என் பக்கத்துக் கதையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஃபாக்டரி மனமகிழ் மன்றத்தில் நீ நாடகம் போட்டபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷிப்டு முடிந்து சீட்டாடுவதற்கு இது தேவலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு ரேடியோவில் வெள்ளிக்கிழமை தோறும் கோர்ட்டு நாடகம் ஒன்று வரப் போகிறது, அதில் உனக்கும் ஒரு வேஷம் என்று சொன்னாய். முதல் வெள்ளிக்கிழமை நான் பார்க்குக்குப் போய், கம்பத்தில் கட்டியிருக்கிற ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில், எப்போதும் வருவாரே, ரிடையரான ரயில்வே கார்டு, அவர் உட்கார்ந்திருந்தார். ஜட்ஜு பேசினார், குமாஸ்தா பேசினார். பிறகு ஒரு குரல், "மருதமுத்து, மருதமுத்து" என்று இரண்டு தரம் வெடுக்கென்று கூப்பிட்டு, மூன்றாவது தரம் இழுத்து, கடைசியில் மேலே தூக்கி நிறுத்தியது.

அது நான் கூப்பிடுகிற மாதிரி. முதல் இரண்டும் வராந்தாவில் நிற்பவனுக்கு. மூன்றாவது, எதிரே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவனுக்கு. அதைக் கேட்டால் அவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வர வேண்டும்.

கார்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, ரிடையர் ஆனப்புறமும் உங்களைக் கூப்பிட்டு வேலை வாங்குறாங்களா?"

"அது என் மகன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, நாடகம் முடிந்ததும் உன் பெயரைச் சொன்னார்களா என்று கேட்டாள். "மத்தவங்க பேரெல்லாம் சொன்னாங்க. அவன் பேரை மட்டும் காணோம்" என்றேன். "ஊர் பேரையெல்லாம் கூப்பிடறவனுக்குப் பேரில்லையா" என்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாடகத்தில் வக்கீல் ராமதுரையாக நடித்த காலேஜ் வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், யார் யாரையோ வைத்துப் பார்த்து, எல்லோரும் கத்துகிறார்களே என்று சலித்து, கடைசியில் ஒத்திகையில் மூலையில் நின்ற உன்னைப் படிக்கச் சொன்னார்கள் என்று நீ சொன்னாய். நீ வந்த முதல் வாரம் பார்க்கில் யாருக்கும் பிடிக்கவில்லை. இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. "பழைய வக்கீல் எங்கேப்பா? இவன் என்ன, சாட்சிக்கு வலிக்குமோன்னு பாத்துப் பாத்துக் கேக்கறான்" என்று ஒருவர் சொன்னார். கார்டு என் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததற்கும் போனேன். பெற்றவன் வேறு என்ன செய்வான்.

பிறகு அந்தக் கணக்கப்பிள்ளை சாட்சி சொன்ன வாரம் வந்தது. சம்பவம் நடந்த நேரத்தில் தான் ஊரிலேயே இல்லை, லால்குடியில் இருந்தேன் என்று அவன் அடித்துச் சொல்கிறான். இப்போது வக்கீல் இடி மாதிரி முழங்கப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். நீ ரொம்ப மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிற மாதிரி, "சாப்பிட்டீங்களா?" என்றாய். சாட்சி திகைத்துவிட்டு, "சாப்பிட்டேங்க" என்றான். "அன்னிக்கு ராத்திரி?" என்றாய். "சாப்பிட்டேன்." "எங்கே?" அதற்கு அவன் உளறிய பதிலில் எல்லாம் அவிழ்ந்துவிட்டது. பார்க்கில் கடலை விற்கிறவர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு நின்றார். பழைய வக்கீல் எங்கே என்று கேட்டவர், "பய கெட்டிக்காரன்" என்றார்.

அந்த வாரத்திலிருந்து ஊரே அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. சத்திரம் பஸ்ஸில் கண்டக்டர், டிக்கெட் எடுக்காமல் நழுவுகிறவன் தோளில் கை வைத்து, "சாப்பிட்டீங்களா?" என்கிறார், பஸ்ஸே சிரிக்கிறது. இது கோர்ட்டில் பெரிய வக்கீல்கள் செய்கிற தந்திரம், நம் பிள்ளை எங்கோ கவனித்திருக்கிறான் என்று நான் வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். உன் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கோர்ட்டாவது வக்கீலாவது. நீங்க பொய் சொல்லிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் நான் முதல்ல என்ன கேப்பேன்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பாள். நீ என்னிடம் எடுத்தது கூப்பிடுகிற குரல் மட்டும்தான், சண்டை முழுக்க அவளிடம் எடுத்தது என்று அன்று தெரிந்தது.

நீ வக்கீலாக நின்றபோது உனக்கு எதிரே நின்ற சாட்சிகள் யார் என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் ஒத்திகை ஆரம்பமாகும். கமலா ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் தாளுமாக நிற்பாள். ஒரு நாள் அவள் கணக்கப்பிள்ளை, ஒரு நாள் தாசில்தார், ஒரு நாள் தற்கொலை செய்துகொள்ளப் போன ஜமீன்தாரின் தம்பி. நீ கேட்பாய், அவள் பயந்த மாதிரி பதில் சொல்வாள், நடுவில் குழம்பு பொங்கினால், "இருங்க வக்கீல் சார்" என்று ஓடுவாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா ஒரு நாள் உன் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பையன் தினமும் அந்தப் பொண்ணை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறாரே, எதாவது சந்தேகமா?" என்று கேட்டாள். நாம் எல்லோரும் சிரித்தோமே, நினைவிருக்கிறதா.

ஜனங்கள் உன்னை நிஜ வக்கீல் என்றே நினைத்துக்கொண்டதும் அப்போதுதான். எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு அம்மாள் பத்திரக் கட்டோடு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். நீ கிரீஸ் கையோடு வெளியே வந்து, "அம்மா, நான் ஃபாக்டரியில ஃபிட்டர். ரேடியோவில நடிக்கிறேன், அவ்வளவுதான்" என்றாய். "வக்கீலுக்குப் படிச்சுட்டு ஃபிட்டர் வேலை எதுக்குத் தம்பி பாக்கறீங்க? வீட்டுல சொன்னாங்களா?" என்று அவள் உனக்காக வருத்தப்பட்டாள். நீ அவளைச் சைக்கிளில் பஸ் ஸ்டாப் வரை கொண்டு போய் விட்டு, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நல்ல வக்கீல் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பினாய். நீ அன்று பொய்யாகத் தலையாட்டியிருந்தால் அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள். நீ ஆட்டவில்லை. கைதட்டுகிற கூட்டம் பெருகப் பெருக இதை மறந்துவிடாதே. மேடையில் யாராக வேண்டுமானாலும் இரு. இறங்கி வந்ததும் தங்கராசுவாக இரு.

இப்போது லால்குடிக் கதைக்கு வருகிறேன். உன்னை நிஜ வக்கீல் என்று நினைக்கிற தவறை எல்லோரும் உன்னைப் போல் திருத்தவில்லை என்பது அங்கே போனபோது தெரிந்தது. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். வழியில் ஸ்டேஷன் போர்டுகளை எல்லாம் படித்துக்கொண்டே போனேன். வாளாடி என்று வாய்விட்டுப் படித்தபோது எதிரே இருந்தவர், நான் இறங்கப் போகிறேன் என்று நினைத்து என் பையை எடுத்துக் கொடுத்தார். சம்பந்தியும் நானும் உட்கார்ந்து பேசி, உனக்கு ஒரு முடிவு சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

சம்பந்தி வாசலில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க. என்ன சொல்றாரு உங்க நடிகர்?" என்றார். போன தடவை வரை நீ அவருக்கு மாப்பிள்ளை.

"உங்களுக்கும் எழுதியிருப்பானே" என்றேன்.

"எழுதியிருக்காரு. நான் பொண்ணைக் குடுத்தது ஃபாக்டரிக்காரருக்கு. நாடகக்காரருக்கு இல்ல. மாசம் பொறந்தா சம்பளம், குழாயைத் திறந்தா தண்ணி, இதை விட்டுட்டு யாராவது போவாங்களா?"

"போனவங்க எல்லாம் கெட்டா போயிட்டாங்க?"

"கைதட்டலை உலையில போட்டு வேக வைக்க முடியாது சம்பந்தி."

"மழை வராத வருஷம் நீங்க உலையில எதைப் போட்டீங்க? அந்த வருஷம் நிலத்தை வித்துட்டு ஃபாக்டரிக்கா போனீங்க?"

"நிலமும் நாடகமும் ஒண்ணா?"

இப்படியே போயிற்று. ஆளுக்கொரு பக்கம் வக்கீல் மாதிரி நின்றுகொண்டு வாதாடினோம். நீ மெட்ராஸ் போனதிலிருந்து அப்பா வீட்டில் இருக்கிற கமலா மோர் கொண்டு வந்து இருவர் முன்னாலும் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நம்ம வயலுக்கு வாய்க்கால்ல தண்ணி வருதா?" என்று கேட்டாள்.

"வருது. அதுக்கென்ன இப்ப?"

"எப்பலேருந்து வருது?"

சம்பந்தி டிரான்சிஸ்டரின் திருகைத் திருப்பினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கமலாதான் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். மேல்பக்கத்து நிலத்துக்காரர் காளிமுத்து வரப்பை வெட்டிவிட்டு, இவர்களுக்கு வருகிற தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாராம். பஞ்சாயத்தில் சொல்லியும் கேட்கவில்லை. வக்கீல் ராமதுரையாக நீ ரேடியோவில் ஒரு வாய்க்கால் வழக்கை எடுத்து, வரப்பை வெட்டியவனை நாலு கேள்வியில் மடக்கினாயே, அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையில் காளிமுத்துவே மண்வெட்டியோடு வந்து உடைப்பை அடைத்தாராம். அடைத்துவிட்டு, "மாப்பிள்ளைகிட்ட சொல்லி கேஸ் கீஸுன்னு போயிடாதீங்க அண்ணே. நமக்குள்ள என்ன" என்று கும்பிட்டாராம்.

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு தெரியுமா மாமா? என் மருமகன் வக்கீல் இல்ல, ஃபிட்டர்தான்னு சொல்லலை. 'பாக்கலாம்'னு சொன்னாரு."

"நியாயமா எனக்கு வர வேண்டிய தண்ணிதானே" என்றார் சம்பந்தி.

"அதை நான் இல்லைன்னு சொல்லலைப்பா. அவரு நடிச்சது தப்புன்னா, முதல்ல போயிக் காளிமுத்து மாமாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு வாங்க. குவார்ட்டர்ஸ், சம்பளம் எல்லாம் அப்புறம் பேசலாம்."

சம்பந்தி டிரான்சிஸ்டரை நிறுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மோர் வேட்டியில் கொட்டிவிட்டது. வழக்கு நம் பக்கம் ஜெயித்தது என்று நான் நினைத்த நேரத்தில் அவள் என்னைப் பார்த்தாள்.

"சிரிக்காதீங்க மாமா. உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். நீங்க எதுக்கு வந்தீங்க?"

"தங்கராசு விஷயமாத்தாம்மா. பேசி முடிவு பண்ணலாம்னு."

"யாரோட?"

நான் சம்பந்தியைக் கையால் காட்டினேன். காட்டின கையை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பேசியதை நான் அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"வாரம் தவறாம எனக்கு லெட்டர் வருது மாமா. கூட்டம் எவ்வளவு, யாரு மாலை போட்டாங்க, மெஸ்ஸில சாம்பார் எப்படி இருந்துச்சு, எல்லாம் இருக்கு. வேலையை விடலாமான்னு மட்டும் உங்க ரெண்டு பேருக்கு எழுதியிருக்காரு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி சாமான் கட்ட வேண்டியது நானு. மெட்ராஸ்ல குடித்தனம் வைக்க வேண்டியது நானு. அவரு ஜெயிச்சாலும் தோத்தாலும் கூட இருக்கப் போறது நானு. என்னைக் கேக்கணும்னு அவருக்கும் தோணலை. உங்களுக்கும் தோணலை."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு மோரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். போன வாரம் குவார்ட்டர்ஸைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறேன் என்று கைலாசபுரம் போனவள், அப்படியே லீவுக் கணக்குப் பார்க்கிற ஃபாக்டரி டைம் ஆபீசுக்கும் போயிருக்கிறாள். அங்கே விசாரித்ததில், சம்பளமில்லாமல் ஆறு மாதம் வரை லீவை நீட்டிக் கேட்க வழி இருக்கிறதாம். குவார்ட்டர்ஸை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். லீவு முடிவதற்குள் நீ கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்; ஆனால் கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். வேலையை விடுவதா, திரும்பி வருவதா என்று நீயும் நானும் சம்பந்தியும் இரண்டு வழியில் நின்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வழியை அவள் ஒருத்தி தேடி வைத்திருக்கிறாள்.

"நீ எதுக்கும்மா ஆபீசுக்கெல்லாம் போனே?" என்றார் சம்பந்தி.

"வேற யாரும் போகலையேப்பா."

"அப்ப அவரு அங்க இருக்கறதுல உனக்குச் சம்மதம்தானா?"

"கேக்க வேண்டியவரு கேக்கட்டும். பதில் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சம்பந்தி என்னை ஸ்டேஷன் வரை கொண்டு வந்து விட்டார். ரயில் வந்ததும், "உங்க மருமக ரொம்பப் பேசுறா சம்பந்தி" என்றார். "உங்க பொண்ணுதானே" என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டோம். ஆனால் அவர் கண்ணில் கவலை இருந்தது. அதை நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே. பெண்ணைக் கொடுத்தவர், நாளைக்கு நாடகம் ஓடாவிட்டால் என்ன என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு உன்னிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பதில் இல்லாத கேள்வியைச் சத்தம் போட்டு அமுக்கிவிட முடியாது. நான் அன்று அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கால் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "நானும் அவளைக் கேக்கலையே. நீங்க லால்குடிக்குக் கிளம்பறப்ப, சம்பந்தியை விட்டுடாதீங்கன்னுதானே சொல்லி அனுப்பினேன்" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளை நான் எத்தனை விஷயத்தில் கேட்டேன் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. நல்லவேளையாகக் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் என்ன குழம்பு வைக்கலாம் என்று நானாகப் போய்க் கேட்டேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தங்கராசு, நீ என்னிடம் முடிவு கேட்டாய். மெட்ராஸில் இரு என்றும் சொல்ல மாட்டேன், திரும்பி வா என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. பார்க்கில் அந்த ஸ்பீக்கரின் கீழே உட்கார்ந்தவனுக்கு, உன்னை மேடையில் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று இருக்காதா. இருக்கிறது. ஆனால் அந்த ஆசையை இந்தத் தாளில் தீர்ப்பாக எழுதினால், நாளைக்குக் கமலாவின் பதிலை நீ பாதிக் காதால்தான் கேட்பாய். அப்பா சொல்லிவிட்டாரே என்று ஆகிவிடும். அவள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்த எழுத்தை வைத்து அவள் வாயையே அடைக்க எனக்கு மனமில்லை.

அதனால் இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடாதே. இதை மடித்து வைத்துவிட்டு, முதலில் அவளுக்கு எழுது. வசனம் மாதிரி எழுதாதே. அவள் உன் வசனங்களை எல்லாம் உனக்கு முன்னாலேயே படித்தவள். கூட்டத்தைப் பற்றியும் மாலையைப் பற்றியும் எழுத வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு உனக்கு எது பயமாக இருக்கிறதோ அதை எழுது. நாடகம் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று எழுது. அவள் வருவாளா, அங்கே வந்து என்ன செய்ய ஆசைப்படுகிறாள் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் பதில் வரும் வரை முதலாளியிடம் தலையாட்டாதே. லீவு முடிய இன்னும் நாள் இருக்கிறது. டைம் ஆபீசுக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தையும் தயாராக வைத்துக்கொள், ஆனால் அவள் சொன்ன பிறகு அனுப்பு. அவள் வைத்திருக்கிற பதில் என்னவென்று எனக்குத் தெரியாது. டைம் ஆபீஸ் வரை நடந்து போனவளின் பதில் கேட்கத் தகுந்ததாகத்தான் இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆகிவிட்டன. விரல் வலிக்கிறது, மனசு லேசாக இருக்கிறது. நீ இன்றே எழுதிப் போட்டால் திங்கள், செவ்வாய்க்குள் லால்குடியில் கிடைத்துவிடும். தபால்காரர் வருகிற நேரத்துக்கு நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். நீ எழுதியதையும் அவள் உனக்கு எழுதப் போவதையும் நான் படிக்க மாட்டேன். இப்போது படிக்கத் தெரியும் என்றாலும் படிக்க மாட்டேன். உன் கடிதத்தைப் பிரித்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் பார்த்து வந்து, அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

உன் அப்பா